போகிறவன் விதைக்கும் புல்

புல்லை விதைப்பார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. புல் என்பது தானாக முளைப்பது. மழை பெய்தால் வரும், வேண்டாத இடத்தில் வரும், பிடுங்கினால் மறுபடி வரும். அதைக் காசு கொடுத்து வாங்கி, மண்ணைப் புட்டு மாவு மாதிரி பதப்படுத்தி, விதைத்துப் பயிராக்கிய ஒரு விவசாய மரபு இருக்கிறது என்று பிரிட்டிஷ் வேளாண்மை வரலாற்றைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் புல்லுக்கென்று சட்டமே இருந்தது என்பது அடுத்த ஆச்சரியம். 1908-ஆம் ஆண்டின் வேளாண் குத்தகைச் சட்டத்தில், குத்தகைதாரர் நிலத்தை விட்டுப் போகும்போது எதற்கெல்லாம் ஈட்டுத்தொகை கேட்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஓர் இனம்: குளோவர், புல், லூசர்ன் போன்ற விதைகளைத் தூவித் தற்காலிக மேய்ச்சல் நிலம் உண்டாக்கியிருந்தால் கேட்கலாம். ஆனால் குத்தகை முடிவதற்கு இரண்டு வருடத்துக்கும் முன்னால் விதைத்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வருடம் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சரி, கடைசி வருடத்தில் விதைக்கிற குளோவருக்கு என்ன கணக்கு? அடுத்த வருடம் இங்கே இருக்கப்போவதில்லை என்று தெரிந்தவன் அதை எதற்காக ஒழுங்காக விதைக்க வேண்டும்?

கேள்வியின் கனம் புரிய குளோவர் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று இலைகள் கொண்ட சின்னச் செடி. பயறு வகைக் குடும்பம், அதாவது நம்மூர் தக்கைப்பூண்டுக்கும் கொழிஞ்சிக்கும் தூரத்துச் சொந்தம். சிவப்பு, வெள்ளை என்று முக்கியமாக இரண்டு இனம். சிவப்பு குளோவர் உயரமாக வளர்ந்து இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். வெள்ளை குளோவர் தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஆடு கடித்தாலும் மாடு மிதித்தாலும் பிழைத்துக்கிடக்கும். இவற்றை ரைகிராஸ், திமோத்தி, காக்ஸ்ஃபுட் மாதிரியான புற்களோடு கலந்து விதைத்து, ஓரிரு வருடமோ சில வருடங்களோ மேய்ச்சலாக வைத்திருந்து, பிறகு உழுது தானியம் போடுவார்கள். இப்படிச் சில வருடத்துக்கென்று உண்டாக்கும் புல்வெளிக்கு 'லே' என்று பெயர். நிரந்தரமாக விட்டுவைக்கும் பழைய மேய்ச்சல் நிலம் வேறு.

1644-இல் ரிச்சர்ட் வெஸ்டன் என்ற சர்ரே நிலவுடைமையாளர், உள்நாட்டுப் போரில் தோற்கிற பக்கம் நின்றதால் ஃப்ளாண்டர்ஸில் தஞ்சம் புகுந்திருந்தார். மணல் பாங்கான ஏழை நிலத்தில் குளோவரும் டர்னிப்பும் போட்டு அங்குள்ளவர்கள் செழிப்பாக இருப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 1650-இல் அது அச்சானது. அடுத்த நூறு நூற்றைம்பது வருடத்தில் அது நார்ஃபோக் நான்காண்டுச் சுழற்சியாக உருவெடுத்தது. முதல் வருடம் கோதுமை, இரண்டாம் வருடம் டர்னிப், மூன்றாம் வருடம் பார்லி, நான்காம் வருடம் குளோவர். பழைய முறையில் நிலத்தைத் தரிசாகப் போட்டு ஆறவிட்ட வருடம் காணாமல் போனது. அந்த இடத்தில் மாடு தின்னத் தீவனமும், அடுத்த கோதுமைக்கு உரமும் வந்தன.

குளோவருக்குப் பிறகு கோதுமை நன்றாக வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று இருநூறு வருடத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாது! ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1886-இல்தான் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்று காட்டினார்கள். நல்ல குளோவர் லே ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 100 முதல் 200 கிலோ வரை நைட்ரஜன் சேர்க்கும். காரணம் புரியாமலே சரியான காரியத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்ய முடியும் என்பது, மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு அவ்வளவு அந்நியமான விஷயம் இல்லை. "அந்த வரியைத் தொடாதே, ஏன்னு தெரியாது, எடுத்தா எல்லாம் நின்னுடும்" என்ற எச்சரிக்கையைக் கேட்காத ஆள் எங்கள் தொழிலில் உண்டா?

குளோவரைப் பற்றிப் படிக்கும்போது வருகிற ஒரு சலிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு வள்ளலாக்கிவிடுகிறார்கள். மண்ணுக்குக் கொடுக்கிறது, அண்டைப் புல்லுக்குக் கொடுக்கிறது, கைம்மாறு கேட்பதில்லை. அப்படியெல்லாம் இல்லை. உயிரோடு இருக்கிற குளோவர் பக்கத்துப் புல்லுக்கு எடுத்துத் தருவது கொஞ்சம்தான். பெரும்பங்கு அதன் வேரும் முடிச்சும் செத்து அழுகும்போதும், அதைத் தின்ற மாட்டின் சாணம் மூத்திரம் வழியாகவும்தான் மண்ணுக்குப் போகிறது. உள்ளே நடக்கிற உறவும் கறாரான பேரம். செடி சர்க்கரை தரும், நுண்ணுயிர் நைட்ரஜன் தரும். 2003-இல் சோயாச் செடியில் ஒரு சோதனை செய்தார்கள். வேர்முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது. செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. சும்மா உட்கார்ந்து தின்பவனுக்கு மூச்சையே இறுக்குகிற முதலாளி! மண்ணில் நைட்ரஜன் ஏற்கெனவே தாராளமாக இருந்தால் குளோவரும் பிடிக்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஒரே நிலத்தில் அடுத்தடுத்து விதைத்தால் நோய் கண்டு முளைக்கவே முளைக்காது, 'குளோவர் சலிப்பு' என்று விவசாயிகள் பயந்த விஷயம் இது. பசியோடு இளம் குளோவரில் புகுந்த ஆடுமாடு வயிறு உப்பிச் செத்துப்போகும். தாமஸ் ஹார்டியின் 1874-ஆம் ஆண்டு நாவலில் கேப்ரியல் ஓக், உப்பிக் கிடக்கும் ஆடுகளின் விலாவில் துளைபோட்டுக் காப்பாற்றும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் இந்தச் செடிதான்.

எனவே ஒழுக்கம் பற்றிய கேள்வியைச் செடியிடம் கேட்டுப் பயனில்லை. அதை விதைத்த மனிதனிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த மனிதன் பெரும்பாலும் நிலத்தின் சொந்தக்காரன் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி குத்தகையில் இருந்தது. நீண்ட காலக் குத்தகைகளும் உண்டு, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற குத்தகைகளும் உண்டு. மேய்ச்சல் நிலத்தைக் கிழித்து உழுதவன் பணக்காரனாவான், மேய்ச்சல் நிலத்தை உண்டாக்கியவன் ஓட்டாண்டியாவான் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழைய சொலவடை இருக்கிறது. முழுக்கணக்கும் அதிலேயே இருக்கிறது. பழைய புல்வெளியின் அடியில் வேரும் சாணமுமாக வருடக்கணக்கில் சேர்ந்த வளம் இருக்கும். உழுதால் அத்தனையும் இரண்டு மூன்று விளைச்சலில் வெளியே வந்துவிடும். திருப்பிப் புல்லாக்குவது விதைச் செலவு, காத்திருப்பு, முதல் சில வருடம் மெலிந்த மேய்ச்சல் என்று நீளும். அதனால்தான் குத்தகை ஒப்பந்தங்களில் நிரந்தரப் புல்வெளியை உழக்கூடாது, மீறினால் ஏக்கருக்கு இவ்வளவு அபராதக் குத்தகை என்று எழுதினார்கள்.

சேமிப்பைக் காலி செய்யாதே என்று தடுக்கலாம். சேமித்து வைத்துவிட்டுப் போ என்று எப்படி வற்புறுத்துவது? இங்கே பேச்சு சட்டென்று அறவுரையாக மாறிவிடும். நல்ல விவசாயி மண்ணை வாங்கியதைவிடச் செழிப்பாக ஒப்படைப்பான், நிலம் நம்முடையதல்ல, அடுத்தவருக்காகப் பாதுகாக்கிறோம், இத்யாதி. எனக்கு இந்தப் பேச்சின் மேல் சந்தேகம் உண்டு, ஏனென்றால் அந்த வளம் அடுத்த குத்தகைதாரருக்கு இலவசமாகப் போவதில்லை. இவன் குளோவர் போட்டு, எலும்புத்தூள் போட்டு, நிலத்தைத் தேற்றி வைத்தால், நிலக்கிழார் அடுத்தவனிடம் கூடுதல் குத்தகை கேட்பார். சில சமயம் இவனிடமே கேட்பார். நீ நிலத்தை மேம்படுத்திவிட்டாய், அதனால் இனி அதிகம் கொடு! இந்த ஏற்பாட்டில் "மண்ணுக்குச் செய்யும் கடமை" என்று சொல்வது யாருக்கு வசதி என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

ஜான் லாக் 1689-இல் வெளிவந்த நூலில், ஒருவன் தன் உழைப்பைக் கலந்த பொருள் அவனுக்குச் சொந்தமாகிறது என்று வாதிட்டார். அவர் தருகிற உதாரணமும் புல்தான். பொதுநிலத்தில் என் குதிரை கடித்த புல், என் வேலைக்காரன் வெட்டிய புற்கரணை, நான் தோண்டிய தாது, இவையெல்லாம் என் உடைமை என்கிறார். முதல்முறை படித்தபோது நான் சிரித்துவிட்டேன். வேலைக்காரன் வெட்டினால் அது எப்படி சார் உங்களுடையதாகும்? தத்துவத்தின் ஆக முக்கியமான வாதங்களில் ஒன்றின் நடுவே அந்த வேலைக்காரன் கையில் மண்வெட்டியோடு நிற்கிறான், லாக் அவனைத் தாண்டி நடந்துபோய்விடுகிறார். குளோவர் விதைத்த குத்தகைக்காரனின் நிலையும் அதுதான்.

அதனால் ஈட்டுத்தொகைச் சட்டங்கள் வந்ததை நான் ஒழுக்கத்தின் வீழ்ச்சியாகப் பார்க்கவில்லை. லிங்கன்ஷயர் போன்ற சில மாவட்டங்களில் ஏற்கெனவே வழக்கமாக இருந்ததை 1875-இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதிலிருந்து விலகிக்கொள்ள நிலக்கிழார்களுக்கு வழி இருந்தது. 1883 சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. அதன் பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சுண்ணாம்பு போடுவதற்கும் விலைக்கு வாங்கிய எரு போடுவதற்கும் யாரிடமும் கேட்க வேண்டாம். நிரந்தர மேய்ச்சல் நிலம் உண்டாக்குவதற்கு மட்டும், புதிதாகக் கட்டடம் கட்டுவதைப் போல, நிலக்கிழாரின் சம்மதம் வேண்டும். புல்வெளியை ஒரு கட்டுமானமாகவே பார்த்திருக்கிறார்கள். ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் லாஸும் கில்பர்ட்டும் இந்தச் சட்டங்களை ஒட்டி, மாட்டுக்குத் தின்னக் கொடுத்த பிண்ணாக்கு எருவாகி மண்ணில் எத்தனை வருடத்துக்கு எவ்வளவு மதிப்போடு மிச்சமிருக்கும் என்று அட்டவணை போட்டார்கள். குத்தகை முடிகிற நாளில் மதிப்பீட்டாளர் வந்து வயலைச் சுற்றி நடந்து, இன்னும் தீர்ந்துபோகாத நல்ல காரியங்களுக்குப் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் விலை போடுவார். எனக்கு இது அழகான காட்சியாகவே தெரிகிறது. தியாகத்தை எதிர்பார்த்து ஓட்டுகிற எந்த ஏற்பாட்டையும்விட, செய்தவனுக்குக் கூலி கொடுக்கிற ஏற்பாடு நாகரிகமானது.

ஆனாலும் அட்டவணைக்குள் வராத ஒன்று மிச்சமிருந்தது.

குளோவரைத் தனியாக விதைக்க மாட்டார்கள். வசந்தத்தில், ஏற்கெனவே முளைத்து நிற்கும் பார்லிக்கு நடுவே தூவுவார்கள். கடுகைவிடச் சிறிய விதை. மேல்மண் பொடிப்பொடியாக இருக்க வேண்டும், லேசாகத்தான் மூட வேண்டும், அதிக ஆழம் போனால் வெளியே வராது, உருளை ஓட்டி மண்ணை அழுத்தாவிட்டால் காய்ந்துபோகும். கோடை முழுக்க அது பார்லியின் நிழலில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஆகஸ்டில் பார்லியை அறுத்த பிறகுதான் பயிர் பிடித்திருக்கிறதா, திட்டுத்திட்டாகப் போயிருக்கிறதா என்று தெரியும். பல இடங்களில் குத்தகை மாறும் நாள் செப்டம்பர் 29, மிக்கேல் திருநாள். வருகிறவன் வயலைப் பார்க்கும்போது மறுபடி விதைக்கக் காலம் கடந்திருக்கும். விதையின் விலையை வருகிறவன் கொடுத்துவிடுவது, அல்லது விதையை அவனே வாங்கித் தருவது என்று ஊருக்கு ஊர் வழக்கங்கள் இருந்தன. விதைக்குக் காசு வந்துவிடும். எந்த நாளில் தூவினான், மண் ஈரம் பார்த்தானா, உருளை ஓட்டினானா? அதற்கு ரசீது கிடையாது.

எங்கள் வேலையில் இதற்கு நோட்டீஸ் பீரியட் என்று பெயர். ராஜினாமா கொடுத்துவிட்டு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிற ஒருவன் என்னிடம் கேட்டான், "மச்சி, எல்லா தலைப்பும் போட்டுட்டேன், படம் கூட வரைஞ்சுட்டேன். உண்மையிலேயே எங்க உடையும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதணுமா?" எழுதாவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும். எழுது என்று சொன்னேன், ஏன் என்று கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை.

உடனே வருகிற பதில் சங்கிலிப் பதில். உனக்கு முன்னால் இருந்தவன் விதைத்த குளோவரில்தான் உன் முதல் கோதுமை விளைந்தது, அதனால் நீ அடுத்தவனுக்கு விதை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை, முன்னோக்கிக் கொடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால்தான் சிக்கல்.

பழைய திறந்தவெளி முறையில் அறுவடை முடிந்ததும் வயல்கள் எல்லார் மாட்டுக்கும் பொது மேய்ச்சலாகிவிடும். அங்கே பார்லிக்கு அடியில் ஒருவன் மட்டும் குளோவர் போட்டால் இலையுதிர் காலத்தில் ஊர் மாடெல்லாம் தின்றுவிடும். குளோவர் போட வேண்டுமானால் வேலி வேண்டும் என்ற வாதம் இங்கிருந்துதான் பலம் பெற்றது. ஊர் கூடிப் பேசித் திறந்தவெளியிலேயே குளோவர் போட்ட கிராமங்கள் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருந்தன, ஆக வேலி தவிர்க்கவே முடியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின, சுமார் 68 லட்சம் ஏக்கர் அடைபட்டது. ஒரு பசுவைப் பொதுநிலத்தில் மேய்த்துப் பாலும், முட்புதர் வெட்டி விறகும் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பசுவை விற்றுவிட்டுக் கூலிக்குப் போயின. வேலியடைப்பின் ஆகப் பெரிய பிரச்சாரகரான ஆர்தர் யங்கே 1801-இல் வெளிவந்த சிறுநூலில், பெரும்பாலான சட்டங்களால் ஏழைகளுக்குக் கேடுதான் விளைந்தது, அவர்களுக்கு நிலமும் பசுவும் தர வேண்டும் என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொடிபிடித்தவர் திரும்பி நின்று பேசினால் ஊர்வலம் நிற்பதில்லை.

ஆக, சங்கிலியின் முதல் கண்ணி ஒரு கொடை இல்லை, ஒரு பறிப்பு. முன்னோர் தந்ததற்கு நன்றியாக விதைக்கிறேன் என்று சொன்னால், துரத்தப்பட்டவனின் பசு அந்தக் கணக்கில் எங்கே வருகிறது? நன்றி என்ற அஸ்திவாரத்தில் இந்தக் கடமையைக் கட்ட முடியாது என்று எனக்குப் படுகிறது.

நான் வந்து சேர்ந்த இடம் வேறு. கடைசி வருடக் குளோவரை ஒழுங்காக விதைக்க வேண்டியதற்குக் காரணம், அது வருகிறவனின் கண்ணுக்குத் தெரியாது என்பதே. அவன் என்னை நம்பித்தான் ஆகவேண்டிய நிலையில் இருக்கிறான். சரிபார்க்க வழியில்லாத ஒருவன் என் வேலையின் மேல் நின்று பிழைக்கப்போகிறான். மண்ணுக்கோ முன்னோருக்கோ நான் பட்ட கடன் என்ன என்று தெரியாவிட்டாலும், இந்த ஒருவனை ஏமாற்றலாமா கூடாதா என்பது தெளிவான கேள்வி. இதே அளவுகோல் வேலியடைப்பையும் விட்டுவைக்காது. 1774-க்குப் பிறகு, வேலியடைப்பு மனுவைப் பற்றிய அறிவிப்பைத் தேவாலயக் கதவில் ஒட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். எழுத்து தெரியாதவர்கள் நிறைந்த ஊரில் கதவில் ஒரு காகிதம். லண்டனுக்குப் போய் எதிர்வாதம் செய்யப் பணம் இல்லாதவர்களுக்குத் தரப்பட்ட தகவல். சட்டப்படி எல்லாம் சரி, விதைக்கு ரசீது இருக்கிறது, உருளைதான் ஓட்டவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இப்படி ஒருவரை ஒருவர் நம்பித் தொங்க வேண்டிய நிலையே ஏன்? ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-இல் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார், 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. மூட்டையில் உரம் வந்துவிட்டால் முன்னால் இருந்தவன் விதைத்தானா இல்லையா என்று கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு விவசாயியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். மரபுச் சுமையும் இல்லை, கடனும் இல்லை. இன்றைய உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு இந்த உரத்தால்தான் விளைகிறது என்று மதிப்பிடுகிறார்கள். பசுவை இழந்த கூலிக்காரனின் கொள்ளுப்பேரன் மலிவாக ரொட்டி தின்கிறான். குளோவரின் அழகைப் பற்றிப் பேசுகிற யாரும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கவில்லை. லாஸும் கில்பர்ட்டும் 1856-இல் ராத்தம்ஸ்டெட்டில் ஒரு பழைய உலர்புல் வெளியைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உரம் போட ஆரம்பித்தார்கள். பார்க் கிராஸ் என்ற அந்தச் சோதனை இன்னும் நடக்கிறது. ஒன்றும் போடாத கீற்றில் சுமார் நாற்பது வகைச் செடிகள். சுண்ணாம்பு இல்லாமல் அம்மோனியம் சல்ஃபேட் மட்டும் தொடர்ந்து போட்ட கீற்றில் இரண்டோ மூன்றோ புல்வகை. குளோவர் அங்கிருந்து எப்போதோ போய்விட்டது. எல்லாருக்கும் தாராளமாக நைட்ரஜன் கிடைக்கிற இடத்தில் அதைத் தயாரிக்கத் தெரிந்த செடிக்கு மரியாதை இல்லை, உயரமான புல் நிழல் கட்டி அதைக் கொன்றுவிடும். 1930-களுக்கும் 1984-க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூக்கள் நிறைந்த தாழ்நிலப் புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்தது. முழுக்க உரத்தின் வேலை என்று சொல்ல முடியாது. போர்க்காலத்தில் உணவுக்காக உழுதார்கள், பிறகு அரசு மானியம் கொடுத்து உழவைத்தது.

இந்த வரலாற்றில் என்னை ஈர்த்த இன்னொரு மனிதர் ராபர்ட் எலியட். மைசூரில் காப்பித் தோட்டம் போட்டவர், அதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில் கிளிஃப்டன் பார்க் என்ற தன் பண்ணையில், வெறும் ரைகிராஸும் குளோவரும் போதாது என்று சிக்கரி, பர்னெட், யாரோ மாதிரியான ஆழவேர்ச் செடிகளைக் கலந்து லே போட்டார். சிக்கரியின் ஆணிவேர் கலப்பை எட்டாத கெட்டி மண்ணைத் துளைத்து இறங்கும், உழவின் பாதி வேலையை வேரே செய்துவிடும் என்பது அவர் கணக்கு. 1898-இல் புத்தகமாக எழுதினார். நீண்ட நாள் யோசிக்க அவரால் முடிந்தது. நிலம் சொந்தம், வேறொரு வருமானமும் உண்டு. மைசூர் மலையில் அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் யார் என்று கேட்டால் லாக்கின் வேலைக்காரன் மறுபடி மண்வெட்டியோடு வந்து நிற்பான்.

எலியட்டின் கலவைகளுக்கு இப்போது திரும்பவும் மவுசு. மூலிகை லே என்ற பெயரில் 2023-இல் இங்கிலாந்து அரசு ஹெக்டேருக்கு 382 பவுண்டு கொடுக்க முன்வந்தது, ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. இன்னொரு பக்கம், 1995-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக்குக் குறைந்தபட்சக் காலம் எதையும் வைக்கவில்லை. பணம் வாங்கி விதைத்தவர் மூன்று வருடம் கழித்து அங்கே இல்லாமல் போகலாம். அந்த லேயை உழுது கோதுமை போடுவதா, இன்னும் இரண்டு வருடம் ஆடு மேயவிடுவதா என்று, பனி விலகாத ஒரு காலையில் வரப்பில் நின்று முடிவெடுப்பவர் விதை தூவிய நாளில் அந்த ஊரிலேயே இல்லாதவராக இருக்கலாம். மண்ணுக்கு அடியில் சிக்கரி வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஒரு மண்வெட்டி எடுத்துத் தோண்டிப் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.